திரும்பப் பெற்ற ‘ஒன்றுமில்லை’

‘ஒன்றுமில்லை’ என்ற ஒரு சொல்லுக்கு அந்த லேபில் விலை முந்நூற்றைம்பது. அதை வாங்கிக்கொண்டு படியிறங்கும் பெண்களின் முகத்தைப் பார்த்தால், மூன்று லட்சம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றும். விலை போட்டவன் அண்ணன். சொல்லைக் கொடுப்பவள் தங்கை. அப்பாவின் துணிக்கடையை விற்ற பணத்தில் அவன் இடம் பிடித்தான். டாக்டருக்குப் படித்தவள் மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தாள்.

கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் முக்கியமாகத் தேடுவது புற்றுநோயை அல்ல. அதனிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு இன்னும் பத்திரம் பதியாமல் இருக்கும் செல்களை. அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பேரத்தையே முறித்துவிடலாம்.

அன்று தட்டில் மிஞ்சியிருந்த கடைசித் தகடு ஒரு ரிட்டையர்டு டீச்சருடையது. டீச்சரே வெளியே பெஞ்சில் காத்திருந்தார். தகடு முழுக்க வயதானவர்களுக்கே உரிய சிறுத்த, வறண்ட செல்கள். நடுவில் திடீரென்று ஒரு கும்பல். உட்கரு வீங்கி, மையாய்க் கறுத்து, ஓரமெல்லாம் கோணல்மாணல். 

அண்ணன் எட்டிப் பார்த்தான். “என்னம்மா, டீச்சர் என்னையே பெஞ்சு மேல ஏத்திடுவாங்க போலிருக்கு. முடிஞ்சுதா?”

“கெட்ட செல் இருக்குண்ணே.”

“அடப் பாவமே. சரி, எழுதிடு.”

அவள் எழுதவில்லை. மைக்ராஸ்கோப்பின் சிறிய திருகை மெல்லத் திருப்பினாள். கும்பல் தெளிந்தபோது மற்ற செல்கள் கலங்கின. அவை தெளிந்தபோது கும்பல் கலங்கியது.

“இது டீச்சரோடது இல்லண்ணே. மத்ததுக்கு மேல ஏறி உக்காந்திருக்கு. வயசும் ஒத்துவரல. சாயத் தொட்டியில வேற யார் தகட்டுலேருந்தோ கழண்டு வந்து ஒட்டியிருக்கு.”

“நல்லதாப் போச்சு. ஒண்ணுமில்லைன்னு அனுப்பிடு.”

“விருந்தாளின்னா அதுக்கு ஒரு வீடு இருக்கும்ல?”

அண்ணனுக்கு இப்போதுதான் உறைத்தது. அதே தொட்டியில் நனைந்த மற்ற பத்தொன்பது பேருக்கும் காலையிலேயே ‘ஒன்றுமில்லை’ போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ ஒருத்தி அதை நம்பி நிம்மதியாக இருக்கிறாள். இனி வருஷக்கணக்கில் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள்.

“அப்பா கடை போர்டு ஞாபகம் இருக்கா? விற்ற சரக்கு திரும்ப வாங்கப்படாது.”

“கிழிசல் துணின்னு தெரிஞ்சா அவரே பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வருவாரே, அது ஞாபகம் இல்லையா? எனக்கு ரெண்டு மணி நேரம் குடு.”

“ஒரு மணி.”

“ஒண்ணரை. டீச்சருக்கு டீ உன் செலவு.”

முனகிக்கொண்டே போனான். அவள் பத்தொன்பதையும் திரும்ப எடுத்தாள்.

துணியைப் பிரித்தால் அப்பா கடைசி முழம் வரை உதறிப் பார்ப்பார். சரக்கு அனுப்புகிறவர்கள் கிழிசலை அங்கேதான் மடித்து வைத்திருப்பார்கள். அவளும் இந்த முறை நடுவை விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து தொடங்கினாள். ஒரு தகட்டில், பெயர்ச்சீட்டை ஒட்டிய விளிம்பில் அவை இருந்தன. கும்பல் கழண்டுபோக, தங்கிவிட்ட ஆறேழு செல்கள். அதே வீக்கம், அதே கறுப்பு. இங்கே மட்டும் மற்ற செல்களோடு ஒரே மட்டத்தில், சொந்த வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தன. வயது முப்பத்துநாலு. தையல்காரி. காலையில் தன் கண் அந்த விளிம்புக்கு ஒரு மயிரிழை முன்னால் திரும்பிவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

அண்ணனை விடாமல் அவளே போன் செய்தாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“காலையிலதான ஒண்ணுமில்லைன்னு மெசேஜ் வந்துச்சு?”

“அது தப்புங்க. நான் பண்ண தப்பு.”

மெஷின் நின்றது. “அப்ப எனக்குப் புத்துநோயா டாக்டர்?”

“இல்ல. இப்போ பார்த்த செல்லுல அது இல்ல. விட்டா பின்னால ஆகலாம். பெரிய டாக்டர் லென்ஸ் வச்சுப் பார்த்து, துளி சதை எடுத்து உறுதி பண்ணுவாங்க. இப்பவே பார்த்தா பெரும்பாலும் சின்ன வைத்தியத்தோட போயிடும்.”

“இதையும் நாளைக்கு மாத்திச் சொல்லமாட்டீங்களே?”

வாங்கிக்கொள்ள வேண்டிய அடிதான். வாங்கிக்கொண்டாள். “நீங்க வாங்க. தகட்டை உங்க கண்ணாலயே பாருங்க.”

நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “வியாழக்கிழமை ஒரு ஜாக்கெட் டெலிவரி இருக்கு. முடிச்சுட்டு வரேன்.”

“ஜாக்கெட் காத்திருக்கும்மா.”

“அதைப் போட்டுக்கப் போறவ காத்திருக்கமாட்டா. பத்து மணிக்கு வரேன்.”

கடை அடைக்கும் நேரத்தில் அண்ணனும் தங்கையும் அந்தத் தட்டின் கணக்கைப் பார்த்தார்கள். தகடு இருபது. ‘ஒன்றுமில்லை’ பதினெட்டு. டீச்சருக்குச் சந்தேகம் தீர இன்னொரு முறை, காசில்லாமல். திரும்பப் பெற்றது ஒன்று. அதன் எதிரே முந்நூற்றைம்பதை அண்ணனே, யாரும் கேட்காமல், கழித்து எழுதினான்.

“நேராயிடுச்சா?” என்றான்.

தங்கை பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தாள். பாக்கி: தையல்காரி, வியாழன், பத்து மணி.