தலைவர் அழுத ஞாயிறு

லண்டனில் மிச்சம் என்ற ஊர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்குக் கடவுளுக்கு அடுத்தபடி செபமாலைமுத்துதான். பங்குச் சபைத் தலைவர். மூக்குக்கு மேல் கோபம். போன தவக்காலத்தில் இம்மாகுலேற்றின் கணவர் கூட்டத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டார். அடுத்த மாதமே அந்த மனுசன் மாரடைப்பில் போனார். செத்த வீட்டுக்குப் பாட்டுக் குழு போகக்கூடாது என்று தலைவர் உத்தரவு போட்டார். எங்கள் சனம் போகவில்லை. இங்கிலிஷில் ஒரு சொல் அறியாத மனுசனை இங்கிலிஷில் பாடிப் புதைத்தார்கள்.

இந்த வருடம் இம்மாகுலேற் கேட்டது ஒன்றுதான்: கணவரின் ஆண்டு நினைவுத் திருப்பலியில் ஒரு தமிழ்ப் பாட்டு. செபமாலைமுத்து இருக்கும்வரை அது நடக்காது என்று தெரிந்ததால், வரும் தலைவர் தெரிவில் அவரைப் பதவியிலிருந்து இறக்கவேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். பாதிச் சனம் தலையாட்டியது. தலைவர் தன் பக்கத்து ஆட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

அவருடைய தமக்கையின் மகன் றொஷான், அரசையும் உணர்ச்சியையும் பற்றி ஆதிக் கிறிஸ்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யூனிவேர்சிட்டியில் ஆராய்கிறவன். மாமாவுக்குப் புத்தி வரட்டும் என்று ஒரு கதை சொன்னான். கோபத்தில் ஒரு நகரத்து மக்களைக் கொன்று குவித்த ரோமச் சக்கரவர்த்தியை ஆயர் கோயிலுக்குள் விடவில்லை. அவன் அரச உடையைக் கழற்றிவைத்துச் சனத்துக்கு முன்னால் அழுதான். ஆள்கிறவனின் கோபத்துக்கும் கடவுளிடம் கணக்கு உண்டு என்று விளக்கமும் சொன்னான்.

செபமாலைமுத்து யோசித்தார்.

“பிறகு அவன்ரை பதவி போனதோ?”

“இல்லை மாமா. சாகுமட்டும் அவன்தான் ராசா.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு, பீடத்துக்கு முன் முழந்தாள் படியிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் கோயில் முழுக்க மூக்கை உறிஞ்சியது. எழுந்துபோய் இம்மாகுலேற்றின் கையைப் பிடித்தார். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“பாட்டுப் பாடுவியளோ?” என்றாள்.

அழுகிற மனுசனிடம் பேரம் பேசுகிறாள், கல்நெஞ்சுக்காரி என்று பின்வரிசை முணுமுணுத்தது. அன்றே கை உயர்த்தி அவரையே மறுபடியும் தெரிவுசெய்தார்கள். வெட்கம் கெட்ட சனம்.

ஆண்டுத் திருப்பலிக்கு முதல்நாள் தலைவர் அவளுக்குப் போன் எடுத்தார். குரல் தழுதழுத்தது.

“பிள்ளை, எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா மன்னிக்காத மனசுக்கு முன்னாலை எப்பிடிப் பாடுறது? சனம் ஏற்காது.”

சனம் வரவில்லை. இம்மாகுலேற் முன்வரிசையில் நின்று தானே பாடத் தொடங்கினாள். இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பார்க்க ஒருவரும் இல்லை.