மஞ்சள், ஊதா, ஆரஞ்சு

மேசையைக் காலி செய்து தரச் சொன்னார்கள். வருகிறவர்கள் கொண்டுவரும் பூவை வைக்க இடமில்லையாம். அவள் அண்ணனின் ஸ்க்ரூடிரைவர்களை ஒரு பையில் போட்டாள், ஈயக்கம்பிச் சுருளையும் மீட்டரையும் போட்டாள், ரெக்கார்டு பிளேயரை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் நின்றாள். அண்ணன் இரண்டடி தள்ளிக் கட்டிலில் கிடந்தார். யாராவது இந்த மேசையில் விரல் வைத்தாலே சண்டைக்கு வருகிற மனுஷன். இன்றைக்குத் தெருவே வந்து கை வைத்தது.

"ஒரே இருட்டா இருக்கே" என்று பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பத்து நாளாக அந்தத் திரை மூடியே இருந்தது. சிறுநீரகம் கைவிட்ட பிறகு வெளிச்சம் பட்டாலே அண்ணனுக்குக் கண் கூசியது.

"நகரும்மா, நான் தூக்குறேன்" என்று வந்தார் ஸ்பேனர். லிப்ட் கம்பெனியில் அண்ணனோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பிளேயருக்குப் பக்கத்தில் மூடியில்லாமல் இருந்த பிஸ்கட் டின்னைக் கண்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். ரெக்கார்டின் மேல் ஓடும் ஊசி தருகிற சத்தம் கொசு முனகலை விடக் குறைவு. அதைப் பெரிதாக்கித் தருகிற ப்ரீஆம்பை அண்ணன் இரண்டு வருஷமாக அந்த டின்னுக்குள் கட்டிக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டானா? போட்டுக் கேட்டானா?"

"நேத்து சாயங்காலம் கேட்டாரு."

"என்ன சொன்னான்?"

அவள் பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள்.

கடைசி மூன்று மாதமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ஊசி தருகிற சத்தம் ப்ரீஆம்புக்குள் நுழைகிற வாசலில் ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும், அதற்கு லோடு என்று பெயர். அது எத்தனை ஓம் இருக்கலாம் என்பதுதான் பிரச்சினை. "முப்பத்து மூணாயிரம் போட்டா மந்தமா இருக்கு பாப்பா. அறுபத்தெட்டு போட்டா பல்லு கூசுது." ஐம்பத்திரண்டு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். பெண் பார்க்கிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான் என்று கேலி செய்வாள். "அதான் நான் பொண்ணே பாக்கல" என்பார். ஒருவழியாக நாற்பத்தேழாயிரம் என்று முடிவானது. மாட்டிப் பார்த்ததையெல்லாம் கழற்றி டப்பாவில் போட்டார். இனி ஈயம் வைத்து முடிப்பதுதான் பாக்கி என்றபோது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பின்னாலேயே கண்ணும் மங்கியது. "போனா போகட்டும், காது இருக்குல்ல" என்றார். ஓடுகிற லிப்டுக்குள் நின்றபடியே எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று சொன்ன காது அது.

நேற்று அவர் படுத்தபடி சொல்லச் சொல்ல, அவள்தான் ஈயம் வைத்தாள்.

"மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. அந்த மூணு கோடு இருந்தா நாப்பத்தேழாயிரம். இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு, ரெண்டு எடு. மீட்டர்ல பாத்துட்டு வை."

"சரிண்ணா."

அவளுடைய தையல் மெஷினில் கை தைக்காத சட்டை ஒன்று கிடந்தது. பள்ளிக்கூடச் சீருடை இருபத்துநாலு, மறுநாள் கொடுத்தாக வேண்டும். அவள் மூடிய திரைக்கு முன்னால் டப்பாவைத் துழாவி இரண்டு எடுத்தாள், வைத்தாள்.

"மீட்டர்ல பாத்தியா?"

"பாத்தேன்ணா."

பார்க்கவில்லை. முப்பது வருஷமாகத் துணிக்கு நூல் சேர்க்கிற கண். கடைக்காரனே கலர் தெரியாமல் அவளிடம்தான் கேட்பான். அந்தக் கண்ணுக்கு ஒரு மீட்டர் வேறு வேண்டுமா என்று நினைத்தாள்.

ரெக்கார்டு சுற்றியது. பாடுகிறவள் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினாள். தங்கையின் காதுக்கே அப்படித்தான் கேட்டது. அண்ணன் கழுத்தைக் கொஞ்சம் தூக்கி, காதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"உனக்கு எப்படிக் கேக்குது பாப்பா?"

போகிற நேரத்தில் ஒருவரிடம் உங்கள் இரண்டு வருஷ உழைப்பு இவ்வளவுதான் என்று எந்த வாயால் சொல்வது?

"கண்ணாடி மாதிரி தெளிவா கேக்குதுண்ணா."

"நெஜமாவா?"

"சத்தியமா."

அவர் தலையைத் தலையணையில் வைத்துக்கொண்டார். "அப்ப காதும் போயிடுச்சு" என்றார். "நிறுத்திடு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். தண்ணீர்ச் செம்பைத் தலைமாட்டில் வைத்தாள். கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் சீருடை தைக்கப் போய்விட்டாள். காலையில் வந்து தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

ஸ்பேனர் டின்னை ஜன்னல் பக்கம் திருப்பினார். "இதென்ன, சிவப்பு கோடு?" பையை அவிழ்த்து மீட்டரை எடுத்து இரண்டு முனைகளையும் வைத்தார். "நாலாயிரத்து எழுநூறு. இங்கயும் அதேதான். பத்துல ஒரு பங்கும்மா! காதுல பஞ்சை அடைச்ச மாதிரில்ல கேக்கும்? யாரு வச்சது இதை?"

வெயில் நேராக டின்னுக்குள் விழுந்தது. மஞ்சள், ஊதா, சிவப்பு. குழந்தைகூடத் தப்பாகச் சொல்லாத சிவப்பு.

"அண்ணாதான்" என்றாள்.

"மீட்டர் பாக்காம ஒண்ணையும் தொட மாட்டானே அவன். பாவம், கண்ணு அந்த அளவுக்குப் போயிடுச்சா?" ஸ்பேனர் மூக்கை உறிஞ்சினார். "ஆனா காது கில்லாடிக் காதும்மா. கேட்டதுமே தப்புன்னு கண்டுபிடிச்சிருப்பானே?"

"கண்டுபிடிச்சாரு."

"அதானே பாத்தேன்" என்று அவர் பிளேயரைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

அவளுக்குக் கட்டிலைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலண்ணா, ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க. அறை முழுக்க ஆட்கள். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் பக்கமாக இருந்த காதில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டாள்.

"பதினோரு மணிக்கு வண்டி வந்துடும். நல்ல சட்டை ஒண்ணு எடு, மாத்திடலாம்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

கம்பெனியில் கொடுத்த சட்டை ஒன்று இருந்தது. காப்பிக்கொட்டை நிறம். இரண்டாவது பொத்தான் இல்லை. தையல்காரி வீட்டில் பொத்தான் இல்லாத சட்டை என்று அவர் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார். நாளைக்கு, நாளைக்கு என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மெஷின் பெட்டியைத் திறந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். ஊசியில் கோர்க்கப் போனவள் நிறுத்தினாள். ஜன்னலருகே போய்க் கண்டை வெயிலில் பிடித்தாள், சட்டையின் மேல் வைத்தாள், மறுபடி வெயிலில் பிடித்தாள். பிறகு சட்டையையும் கண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போனாள்.

"அக்கா, இது ரெண்டும் ஒரே கலரா?"

"என்னடி இது, உனக்குத் தெரியாத கலரா? ஒண்ணுதான், தை."

அவள் நகரவில்லை. கண்டை நீட்டியபடியே நின்றாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா" என்றாள்.