மூன்று மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை

நாளை சாம்பல் புதன். அது விடிந்துவிட்டால் ஈஸ்டர் வரை ஆனைக்கரை எஸ்டேட் கோயிலில் தாலி ஏறாது. மாப்பிள்ளை ஏசுரத்தினத்துக்கோ குவைத்தில் கொடுத்த லீவு எட்டே நாள். இன்று தவறினால் ரோசியின் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போகும்.

இத்தனைக்கும் ரோசியின் அப்பா சுவக்கீன் போட்டது உலகமே தாங்காத கணக்கு. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரிக்கிற மனுஷன், பள்ளிக்கூட மேப்பில் நூல் பிடித்து, குவைத்துக்கும் பம்பாய்க்கும் ஆயிரத்து எழுநூறு மைல் என்று அளந்துவிட்டார். அவர் நூலை இழுத்த இழுப்பில் அரபிக்கடலே இரண்டு மைல் சுருங்கியிருக்கும். மாப்பிள்ளை அடித்த தந்தியில் விமானம் புறப்பாடு அதிகாலை மூன்று. பம்பாய்க்கு நாலு மணி நேரம், அங்கே காத்திருக்க ஒன்று, கொச்சிக்கு இரண்டு, மலையேற ஜீப்பில் ஐந்து. "டாண்ணு மூணு மணிக்கு மாப்பிள்ளை ஒங்க முன்னால நிப்பாரு சாமி" என்று கோயில் பாதிரியாரான பங்குச்சாமியிடம் சத்தியமே செய்திருந்தார்.

இப்போது மணி நாலரை. எஸ்டேட் ரைட்டர் வேதமுத்து வந்து தந்தியை வாங்கிப் பார்த்தார்.

"வே சுவக்கீன், குவைத்துல மூணுன்னா நமக்கு அஞ்சரை. அந்த ரெண்டரை மணி நேரத்த எங்க வே தொலைச்சீரு?"

"சூரியன் ஒண்ணுதானே ரைட்டரய்யா?"

"ஒண்ணுதான். அது இங்க முடிச்சிட்டு அங்க போக வேண்டாமா?"

சுவக்கீன் மறுபடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அப்படியானால் மாப்பிள்ளை வர அஞ்சரை ஆகும்! சாமியின் பையோ ஜீப்பில் ஏறியாகிவிட்டது. அடுத்த மலையில் தங்கள் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஜனம் காத்திருக்கிறது.

சுவக்கீனின் மனைவி செபமாலையம்மாள் முன்னால் வந்தாள். "சாமி, பிள்ளைக்காக ஒரே ஒரு செபமாலை சொல்லிக்கிடுதோம். முடிஞ்சதும் நீங்க கெளம்பிருங்க."

"ஒண்ணுதான்" என்றார் சாமி.

ஒன்றுதான் சொன்னாள். ஆனால் அவள் ஒரு "மரியே"யை இழுத்து முடிப்பதற்குள் கம்பம் சந்தைக்கு இறங்கி மல்லி வாங்கித் திரும்பிவிடலாம். வளைவில் ஒரு வண்டிச் சத்தம். ரோசி எட்டிப் பார்த்தாள். ஏலக்காய் லாரி. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் தீர்ந்தது. இனி இறந்தவர்களுக்காக, ஆளுக்கொரு செபம். ஏழு தலைமுறையும் எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போனது. சாமி வாட்சைப் பார்த்தார்.

"ஏங்க, ஒங்க பக்கம் இன்னும் யாராவது செத்திருக்காகளா?" என்று புருஷனிடம் கிசுகிசுத்தாள் செபமாலையம்மாள்.

"எங்கண்ணன் ஆசீர்வாதம்..."

"அவுக உசிரோட பின்னாலதான நிக்காக?"

"அதுக்கென்ன, சேத்துக்கோ!"

ஆசீர்வாதத்தின் ஆத்துமா இளைப்பாறியது. சாமி ஜீப்பில் கால் வைத்தேவிட்டார். ரோசி முக்காட்டைக் கடித்துக்கொண்டாள்.

வளைவில் ஹாரன்.

தலையோடு கால் செம்மண்ணாகக் குதித்து இறங்கினான் ஏசுரத்தினம். சுவக்கீன் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். குவைத்தில் கட்டிய வாட்ச், முள்ளைத் திருப்பவேயில்லை.

"பாத்தீரா ரைட்டரே? மணி மூணு!"

தாலி ஏறியது. சாட்சிக் கையெழுத்துப் போட, சற்றுமுன் மோட்சம் போன ஆசீர்வாதமே கோயிலுக்குள் முதல் ஆளாக வந்து நின்றார்.