கடலுக்குப் போகிறவரிடம் சொல்லாதது

ஜெரிசன் அந்தச் செய்தியோடு வந்தபோது ஜெசிதா குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்து வீடு. பட்டணத்தில் ஒரு போன் கடையில் வேலை. மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "அக்கா, அண்ணை என்ன செய்யிறார்?" என்று கேட்டான்.

"கடலுக்குப் போட்டார்."

ஜெரிசன் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள் என்று குருநகரில் அந்த ஒழுங்கை முழுவதற்கும் தெரியும்.

"அப்ப மெதுவாக் கதைப்பம்," என்று குரலைத் தாழ்த்தினான். "புதுக் கேம் பெட்டி ஒண்டு வரப்போகுதாம். அதிலை பழைய கேம் ஒண்டும் ஓடாதாம். எந்த நேரமும் இன்ரநெற் லைனிலை இருக்க வேணுமாம். லைன் அறுந்தால் கேமும் நிண்டிடுமாம்."

"எங்கடை பழைய பெட்டிதானே. எங்களுக்கென்ன?"

"அங்கைதான் பிரச்சினை. புதுசை விக்க வேணுமெல்லே? லைனாலை ஒரு அப்டேட்டை அனுப்பிப் பழைய பெட்டியளையும் பூட்டுவாங்களாம். ஒருத்தன் வீடியோவிலை சொல்லுறான்."

"லைனாலையோ?"

"பின்னை? லைனிலை இல்லாத பெட்டியை என்னெண்டு பூட்டுறது?"

அவன் தன்பாட்டில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஜெசிதாவின் கையிலிருந்த மீன் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுடைய கணவன் ஜெனிஸ்ரன் சுழியோடியாக இருந்தவன். கடலட்டை பிடிக்க ஆழத்துக்குப் போய், ஒருநாள் மிக வேகமாக மேலே வந்துவிட்டான். இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் அடைத்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தான். ஊட்டினால் இரண்டு வாய் தின்பான். கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த நாட்களில் மாமி பெர்னடெட் வீட்டிலிருந்த மருந்துக் குளிசைகள் எல்லாவற்றையும் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். எதற்கு என்று ஜெசிதா கேட்கவில்லை. அலுமாரித் திறப்பை மாமி எங்கே வைக்கிறாள் என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டாள்.

பாரிசிலிருக்கும் அவனுடைய அண்ணன் ஜஸ்ரின்தான் அந்தப் பெட்டியை அனுப்பினான். தன் கணக்கில் ஒரு கேமும் வாங்கிப் போட்டிருந்தான். பெட்டியைவிடப் பழைய காலத்துக் கேம் அது. சண்டை இல்லை, வெடி இல்லை. ஒரு படகு, ஒரு மனிதன், கீழே பெரிய கடல். முதுகில் காற்று இருக்கும்வரை நீந்தலாம். அவ்வளவுதான். ஜெனிஸ்ரன் முதலில் அதைத் தொடவே இல்லை. பிறகு ஒருநாள் மத்தியானம், தேத்தண்ணீர் கொண்டுபோன தாயிடம், "அம்மா, கடலுக்குப் போட்டு வாறன்" என்றான்.

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். அல்லது சிரித்திருப்பார்கள். பெர்னடெட் கோப்பையைக் கீழே வைத்தாள். முன்பு படகுக்கு வெளிக்கிடும்போது செய்ததைப் போலவே அவனுடைய நெற்றியில் சிலுவை அடையாளம் வைத்தாள். "மாதா துணை, போட்டு வா" என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் கட்டிலும் கடல்தான். கடலுக்கு வெளிக்கிடுகிற ஆளிடம், எங்கே போகிறீர் என்று அந்த வீட்டில் கேட்பதில்லை. கெட்ட செய்தி எதுவும் அவர் காதில் விழ விடுவதில்லை. செத்தவீடு என்றாலும் கரைக்கு வந்து, கால் கழுவி, சாப்பிட்டபிறகுதான் சொல்வார்கள். பயத்தோடு போகிறவன் நிதானம் தவறுவான் என்பது மாமியின் நம்பிக்கை. மீன் சந்தையில் ஒருத்தி, "என்ன பெர்னடெட்டக்கா, ரீவிக்குள்ளை பிடிச்ச மீனை எப்ப கொண்டந்து விப்பியள்?" என்று கேட்டிருக்கிறாள். "உன்ரை மனுசன் கடலிலை பிடிக்கிறதைவிட அது கூடத்தான்டி" என்று மாமி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாளாம்.

ஜெனிஸ்ரன் கதைக்கத் தொடங்கினான். கேமில் கண்ட பாறையைப் பற்றி, திருக்கையைப் பற்றி, நீரோட்டத்தைப் பற்றி. விபத்து நடந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. அது போதும் என்று இருந்தாள் ஜெசிதா.

இப்போது அதைப் பூட்டுவார்களாம்.

பின்னேரம் அவள் ஜஸ்ரினுக்குப் போன் எடுத்தாள். பெட்டி கொஞ்ச நாளாக இரைகிறது. உப்புக்காற்று உள்ளே புகுந்து தின்கிறது. அதைச் சாட்டாக வைத்துக் கேட்டாள்.

"புதுசு வரட்டும் ஜெசிதா, வாங்கி அனுப்புறன்."

"அதிலை இந்தக் கேம் ஓடுமோ அத்தான்?"

"ஆருக்குத் தெரியும்? ஒருத்தன் ஓடுமெண்டுறான், மற்றவன் ஓடாதெண்டுறான். கொம்பனி வாயே திறக்கேல்லை. ஏன், அவன் கேட்டவனோ?"

"இல்லை இல்லை. அவரிட்டை ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ."

புதிய பெட்டி வந்தாலும் கடல் இல்லை. பழைய பெட்டியையும் பூட்டினால் கரையும் இல்லை. தான் படிப்பிக்கும் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது அடுத்த வரி மறந்துபோய் நின்றாள். சோற்றை வடிக்கும்போது கையில் கஞ்சி ஊற்றிக்கொண்டாள். அவன் கொஞ்சம் அதிகமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் போதும், செய்கிற வேலையை விட்டுவிட்டுப் போய் எட்டிப் பார்த்தாள். மாமியிடம் சொல்லலாம். மாமிக்கு இரத்த அழுத்தம். அவனிடம் சொல்லலாம். ஆனால் அவன் தினமும் கடலுக்குப் போகிறவன்.

ஆகவே அவள் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். ரவுட்டர் முன்னறையில், திருஇருதயப் படத்துக்குக் கீழே இருந்தது. அவன் தேத்தண்ணீர் குடித்து, மாமி சிலுவை வைத்து, பெட்டியை உயிர்ப்பிக்கும் நேரத்தில் அவள் போய் ரவுட்டரின் சுவிச்சை அமத்தினாள். பச்சை வெளிச்சம் செத்தது. அவன் கரைக்கு வந்து பெட்டியை நிறுத்திய பிறகே திரும்பப் போட்டாள்.

"லைன் இல்லைப் போலை," என்றான் அவன் முதல் நாள். திரையின் மூலையில் ஏதோ குறி காட்டியிருக்கிறது.

"ஓம். ஒழுங்கை முழுக்க இல்லையாம்."

"லைன் இல்லாட்டியும் ஓடுது. பரவாயில்லை."

இந்தப் பொய்யைச் சொன்ன பிறகு அவளுக்கு முன்னையைவிடப் பயம் கூடியது. அவன் கடலில் இருக்கும் நேரமெல்லாம் முன்னறையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். மாமி சுவிச்சைப் போட்டுவிடுவாளோ என்று காவல். கையில் செபமாலை. மாமி அதைப் பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளை" என்று சொன்னாள். ஜெசிதாவுக்கு முகம் சுட்டது.

இப்படி இரண்டு வாரம் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல மாமி சிலுவை வைத்தாள். ஜெசிதா சுவிச்சை அமத்திவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். படகு எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. கேம் தொடங்கும்போது அந்தச் சத்தம்தான் முதலில் வரும். அவள் காத்திருந்தாள். உள்ளே பெட்டி மட்டும் இரைந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். திரையில் கடல் இல்லை. ஒரு பூட்டுப் படம். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஜெனிஸ்ரன் பொத்தானை அமத்தினான். அதே பூட்டு. திரும்ப அமத்தினான். அதே பூட்டு. கையிலிருந்த விளையாட்டுக் கருவியைப் போர்வைமேல் மெதுவாக வைத்தான். எறிந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கட்டிலின் இரும்பைப் பிடித்து, உடம்பை இழுத்து, சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"என்னப்பா?" என்றாள்.

பெர்னடெட் வாசலுக்கு வந்தாள். மகனின் முதுகைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நேரே தன் அறைக்குப் போனாள். அலுமாரிக் கதவை இழுத்துப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சத்தம் ஜெசிதாவுக்குக் கேட்டது.

அவள் கொல்லைப் பக்கம் ஓடி ஜெரிசனுக்குப் போன் எடுத்தாள். அவசரத்தில் வேறு யாருக்கோ போனது. அறுத்துவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

"ஜெரிசன், பூட்டிப் போட்டாங்கள்."

"ஆரக்கா?"

"நீ சொன்ன ஆக்கள். பூட்டுப் படம் வருது. உள்ளை விடுகுதில்லை. நான் லைனை நிப்பாட்டித்தானே வைச்சிருந்தனான், என்னெண்டு பூட்டினவங்கள்?"

"லைனை நிப்பாட்டினீங்களோ? எப்பவிலிருந்து?"

"நீ சொன்ன நாளிலையிருந்து. அவர் விளையாடேக்கை."

"ஐயோ அக்கா! அது ஜஸ்ரின் அண்ணையின்ரை கணக்கிலை வாங்கின கேமெல்லே. இடைக்கிடை பெட்டி லைனிலை போய், உது உண்மையிலை அவரின்ரைதானோ எண்டு கேக்கும். பதில் வராட்டிக் கொஞ்ச நாள் பொறுக்கும். பிறகு தானே பூட்டும்."

"அப்ப அவங்கள் பூட்டேல்லையோ?"

"ஒருத்தரும் பூட்டேல்லை. நீங்கள்தான்."

"நீ சொன்னாயே..."

"உவன் ஒருத்தன் வீடியோவிலை சொன்னதைச் சும்மா சொன்னனானக்கா. புதுசைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கினம். அதுவும் உறுதியில்லை. நீங்கள் முதலிலை லைனைப் போடுங்கோ. அப்டேட் கேக்கும். குடுத்தாத்தான் உள்ளை விடும்."

"அப்டேட்டோ? அதாலைதானே பூட்டுவாங்கள் எண்டாய்?"

"ஓம்... அது..." ஜெரிசன் இழுத்தான். "திறக்குமக்கா. திறக்க வேணும்."

"திறக்குமோ, திறக்க வேணுமோ?"

வாடிக்கையாளர் வந்துவிட்டதாகச் சொல்லி அவன் போனை வைத்துவிட்டான்.

ஜெசிதா ரவுட்டரைப் போட்டாள். பச்சை வெளிச்சம் வந்தது. அறைக்குள் போனபோது திரையில் ஜெரிசன் சொன்ன கேள்வி வந்திருந்தது: அப்டேட் செய்யவா, வேண்டாமா? அமத்தும் கருவி அவனுடைய முதுகுக்குப் பின்னால் போர்வையில் கிடந்தது. எடுத்து அவளே அமத்தியிருக்கலாம். திறந்தால் எதுவும் சொல்லத் தேவையில்லை. திறக்காவிட்டால், அவனிடமிருந்த ஒரே கடலை இரண்டாம் முறையும் அவள்தான் மூடினாள் என்று ஆகும்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இஞ்சை பாருங்கோ. நான் ஒரு வேலை செய்து போட்டன்."

முதுகு அசையவில்லை. அவள் முதுகுக்கே சொன்னாள். வதந்தியை, புதிய பெட்டியை, சுவிச்சை, ஒழுங்கையில் லைன் இல்லை என்ற பொய்யை. செபமாலையோடு காவல் இருந்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் சிறுத்தது.

சுவர்ப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"கடலுக்குப் போற ஆளிட்டை என்னெண்டு..."

"நான் கடலிலை இல்லை, ஜெசி. கட்டிலிலை கிடக்கிறன்."

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. வாசலில் வந்து நின்ற பெர்னடெட் சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள்.

அவன் இரும்பைப் பிடித்துத் திரும்பினான். முகம் வெளிறிக் கிடந்தது. திரையிலிருந்த கேள்வியைப் படித்தான்.

"இதைக் குடுத்தால் திறக்குமோ?"

"தெரியாது."

"குடுக்காட்டி?"

"திறக்காது."

அவன் கருவியை எடுத்தான். பெருவிரல் பொத்தானின்மேல் நின்று நடுங்கியது. ஆழ்கடலில் கும்மிருட்டுக்குள் அட்டை பொறுக்கிய விரல் அது. அவன் நடுங்கி அவள் பார்த்ததில்லை.

"எனக்குப் பயமாக் கிடக்கு," என்றான்.

அமத்தினான்.

திரையில் ஒரு கோடு வந்து, இடமிருந்து வலமாக நிறையத் தொடங்கியது. மிக மெதுவாக. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தான். நோகிற அளவுக்கு.

"இப்பிடித்தான் அண்டைக்கும் கிடந்தது," என்றான் திடீரென்று.

"எண்டைக்கு?"

"மேலை வந்த அண்டைக்கு." அவன் கண் கோட்டிலேயே இருந்தது. "காத்து இழுத்தன், வரேல்லை. திரும்ப இழுத்தன். சிலிண்டரைத் தட்டினன். மேலை பாத்தன், வெளிச்சம் இல்லை. எது மேலை, எது கீழை எண்டு தெரியேல்லை, ஜெசி. வாயாலை விட்ட குமிழ் போற பக்கம்தான் மேலை எண்டு அதைப் பிடிச்சுக்கொண்டு..."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இதையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே எடுத்தால் அவன் என்ன ஆவான் என்று தெரியவில்லை. வாசலில் மாமி கதவு நிலையோடு சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள்.

கோடு நிறைந்தது. திரை கறுத்தது. கறுத்தே இருந்தது. அவன் பிடி இறுகியது. பெட்டி ஒருமுறை பலமாக இரைந்து ஓய்ந்தது. பிறகு படகு எஞ்சின் சத்தம் கேட்டது. நீலம் வந்தது. அறைச் சுவரெல்லாம் நீலமாகியது.

"திறந்திட்டுது," என்றாள் ஜெசிதா. அழுகையும் சேர்ந்து வந்தது. "இஞ்சை பாருங்கோ, திறந்திட்டுது."

அவன் பார்த்தான். தலையை ஆட்டினான். ஆனால் கருவியை எடுக்கவில்லை.

"பொறு," என்றான். "சொல்லி முடிக்கிறன்."

ஆள் ஏறாத படகு திரையில் ஆடிக்கொண்டு நின்றது. அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவன் சொல்லத் தொடங்கினான். அவளுக்குப் பயம் விடவில்லை. ஆனாலும் கேட்டாள்.