அம்மா மட்டும் உள்ள டாலர்

போட்டோவைப் பொட்டளவு வெட்டி, கண்ணாடிக்கு அடியில் ஒட்டி டாலர் செய்பவளிடம் ஒருத்தி வந்தாள். அவள் தந்த படத்தில் அம்மா நடுவிலும் அவளும் தங்கையும் இருபுறமும் நின்றார்கள்.

"தங்கச்சிய வெட்டிடுங்க. எங்களுக்குள்ள பேச்சே இல்ல."

மறுநாள் தங்கை அதே படத்தோடு வந்து, "அக்காவ வெட்டிடுங்க," என்றாள். டாலர்காரி இரண்டையும் செய்து கொடுத்தாள்.

அடுத்த வாரம் அந்த அம்மாவே வந்தாள். "ரெண்டு பேரையும் வெட்டிட்டு என்னை மட்டும் வைம்மா. வீட்டுச் சண்டை கழுத்துல வேற தொங்கணுமா?"

அம்மா கழுத்தில் அந்த டாலரைப் பார்த்த அன்றே மகள்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். கைகோத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

"பெத்த பொண்ணுங்களையே வெட்டச் சொன்னா, நீங்களும் வெட்டிடுவீங்களா?"