எதிரணிக்காரன் கேட்ட கேள்வி

சுந்தரபாண்டியத்து வேல்சாமி, 1940-ஆம் ஆண்டு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ராஜபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விவாதப் போட்டிக்குப் போனான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தான். கூடப் பேச வேண்டிய மாரிச்சாமிக்கு முந்தின நாளே காய்ச்சல் கண்டுவிட்டது. தனி ஆளாகத்தான் ரயிலேறினான்.

"கிணற்றுப் பாசனத்துக்குக் கமலையைவிட எண்ணெய் இன்ஜினே சிறந்தது" என்பது அன்றைய தீர்மானம். எந்த அணி ஒட்டிப் பேசுவது, எந்த அணி வெட்டிப் பேசுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். வேல்சாமிக்கு விழுந்தது வெட்டிப் பேசும் சீட்டு. மாடு கட்டி இறைக்கும் கமலைக்காக அவன் வாதாட வேண்டும். ஒட்டிப் பேச உள்ளூர் மாணவர்கள் இருவர்: பால்துரையும் சத்தியநேசனும். சத்தியநேசனின் தகப்பனார் இன்ஜின் பழுது பார்க்கிறவர்.

நடுவர் ஒரு வக்கீல். விதிகளைச் சொன்னார். ஒருவருக்கு ஏழு நிமிடம். ஆறாவது நிமிடம் எச்சரிக்கை மணி, ஏழாவது நிமிடம் முடிவு மணி. ஒருவர் பேசும்போது எதிரணிக்காரர் எழுந்து கேள்வி கேட்கலாம். பேசுகிறவர் சம்மதித்தால்தான் கேட்க முடியும். தீர்மானத்தை நிரூபிக்கும் பொறுப்பு ஒட்டிப் பேசுகிறவர்களுடையது. ஆள் இல்லாததால் வேல்சாமியே முதல் உரையும் முடிவில் தொகுப்புரையும் பேசலாம்.

பால்துரை முதலில் எழுந்தான். நல்ல குரல் அவனுக்கு. நேரம், தண்ணீரின் அளவு என்று வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தவன் கடைசியில் சொன்னான்:

"போன கோடையில் சுந்தரபாண்டியத்தில் கமலை இறைத்த காளை ஒன்று கிணற்றுக்குள் விழுந்து செத்தது. இன்ஜின் இருந்திருந்தால் அந்த வாயில்லா ஜீவன் இன்றைக்கும் உயிரோடு இருக்கும்!"

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. அது யார் வீட்டுக் காளை என்று பால்துரைக்குத் தெரியாது.

வேல்சாமி மேடையேறினான். "நடுவர் அவர்களே" என்றான். அதற்கு மேல் வரவில்லை. மனப்பாடம் செய்திருந்த மூன்று வாதங்களும் எங்கோ போய்விட்டன. கண்ணுக்கு முன்னால் நின்றது அந்தக் காளையும், கிணற்றடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அப்பாவும்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு நிமிடம் அப்படியே போயிற்று.

அப்போது சத்தியநேசன் எழுந்து நின்றான். "ஒரு கேள்வி. பேச்சாளர் சம்மதிக்கிறாரா?"

வேல்சாமி தலையை மட்டும் அசைத்தான்.

"அந்தக் காளை விழுந்ததற்குக் கமலைதான் காரணமா, வேறு காரணம் உண்டா? பேச்சாளருக்குத் தெரிந்தால் சொல்லட்டும்."

பால்துரை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஏலே, நம்ம வாதத்தை நீயே உடைக்கியா?"

"தெரியும். அது எங்க வீட்டுக் காளை" என்றான் வேல்சாமி.

"கமலைய உள்ள இறக்க மாடு கிணத்துப் பக்கமாப் பின்னாலயே நடந்து வரும்போது கிணத்து விளிம்புல நிக்கணும்னு ஒரு தடுப்புக் கல் போட்டிருப்போம். அது பெயர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. நாளைக்கு வைக்கலாம், நாளைக்கு வைக்கலாம்னு நாங்கதான் விட்டுட்டோம். தப்பு எங்க மேல. கமலை மேல இல்ல." பேசப் பேசக் குரல் தெளிந்தது. "கவனிக்காமல் விட்டால் இன்ஜினும் ஆளைக் கொல்லும். ஒரு காளை விழுந்ததை வைத்துக் கமலையே கூடாது என்று எப்படி முடிவு கட்டுவது? நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள். இன்னும் நிரூபிக்கவில்லை." இரண்டாவது மணி அடிக்கும்வரை அவன் நிற்கவே இல்லை.

சத்தியநேசன் தன் முறை வந்தபோது விட்டுக்கொடுக்காமல்தான் பேசினான். ஆனாலும் வேல்சாமியின் தொகுப்புரை முடிந்ததும் நடுவர் வெட்டிப் பேசிய அணிக்கே வெற்றி என்று அறிவித்தார்.

"குறுக்குக் கேள்வி எதிராளியின் வாதத்தைச் சாய்ப்பதற்கு. இங்கே அது எதிராளியைத் தூக்கி நிறுத்திவிட்டது. கேட்டவர் இனிமேல் யோசித்துக் கேட்க வேண்டும்" என்றும் சொன்னார்.

சத்தியநேசன் தலை குனிந்தான். வேல்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேணும். அவர் தெரியாமக் கேக்கல. நான் வாயடைச்சு நின்னதப் பாத்துத்தான் கேட்டார். அந்தக் கேள்வி இல்லன்னா அழுதுகிட்டே கீழ இறங்கியிருப்பேன். இம்புட்டுப் பேர் முன்னால அவருக்கு நன்றி சொல்லிக்கிறேன்."

நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொன்னதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைய கைதட்டல்களில் பெரியது வேல்சாமி சொன்ன அந்த நன்றிக்குத்தான்.

ரயிலடிவரை சத்தியநேசன் கூட வந்தான். வேல்சாமி கேட்டான்: "நான் யாருன்னு தெரியாது, காளை யாரோடதுன்னும் தெரியாது. எப்படிக் கேட்டீக?"

"பால்துரை காளைன்னதுமே உங்க முகம் செத்துப்போச்சு. வாதத்துக்குப் பயந்த முகம் இல்ல அதுன்னு பட்டுச்சு. உள்ள இருக்கிறதச் சொல்லிட்டா பேச்சு வந்துரும்னு நினைச்சேன்."

"தோத்துட்டீகளே."

"நீங்க பேசாம நின்னு நாங்க ஜெயிச்சிருந்தா அது விவாதமா?"

பின்னாலேயே பால்துரை மூச்சிரைக்க ஓடி வந்தான். வேல்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக் காளைன்னு தெரியாமச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாதீக" என்றான்.

"நீங்க அந்தப் பேச்ச எடுத்ததாலதான் நானும் சொன்னேன். நடந்து இத்தனை மாசத்துல எங்க வீட்டுல ஒருத்தரும் அதப் பத்தி வாயே திறக்கல."

ரயில் வந்தது. அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த வேல்சாமி, இருவரும் கண்ணுக்கு மறையும்வரை கையசைத்துக்கொண்டே இருந்தான். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் முதலில் எதைச் சொல்வது, வெற்றியையா, அந்த நண்பனையா என்று யோசித்தான். நண்பனைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.