கைக்கெட்டிய ஒரே வண்டி

உப்புவெளி ஓரத்து ஊரான உயூனியில் அந்த வாரம் புதிதாக, பேப்பரோடு, பணத்தைக் கொடுத்தால் உடனே சாவி கிடைக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இலாரியோனின் யார்டில் நின்றது. வெள்ளை நிறம், ஆறு சிலிண்டர். ஊரில் வேறு வண்டி இல்லை என்பது இலாரியோனுக்கும் தெரியும். அதனால் எங்களைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தொடாமப் பாருங்க. இப்பதான் துடைச்சேன்."

என் அக்கா பிரிமித்திவா பானெட் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "வாங்கப் போறவங்க தொடுவாங்க, அண்ணே."

"போன வாரமும் தொட்டீங்க. தொட்டுட்டுப் போய்ட்டீங்க."

அது என்னைக் குத்துவதற்காகச் சொன்னது. போன வாரம் இதே இடத்தில், வாங்க வேண்டாம் என்று சொன்னவன் நான்.

அப்பா எங்களுக்கு விட்டுப்போனது இரண்டு. ஒரு பழைய வண்டி. உப்புவெளிக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் சங்கத்தில் ஒரு லைன், அதாவது ஒரு வண்டி ஓட்டும் உரிமை. வண்டி இந்த மழைக்காலத்தில் உப்புத்தண்ணீர் நடுவே, ஆறு ஜெர்மன்காரர்களை வைத்துக்கொண்டு, சேஸிஸ் இரண்டாகப் பிளந்து உட்கார்ந்துவிட்டது. லைன் மட்டும் மிஞ்சியது. வண்டி இல்லாதவனுக்கு லைனைச் சங்கம் நெடுநாள் விட்டுவைக்காது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்கு லைன் போய்விடும். அந்த முதல் ஆள் எங்கள் தாய்மாமன் மகன் சத்துர்னினோ.

அன்றைக்கு வியாழக்கிழமை.

எனக்கு அந்த லைன் வேண்டும். நான் சுரங்கத்தின் அரவை ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவன். ஒரூரோவில் இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அதில் சேர்ந்தேன். கல் அரைபடும் சத்தத்தில் இரவைக் கழித்து, ஜன்னலில் அட்டை ஒட்டிய அறையில் பகலெல்லாம் தூங்குவதுதான் என் வாழ்க்கை. புது வண்டி வந்தால் நான் ஓட்டுவேன், ஆலையை விட்டுவிடுவேன். அக்காவோடு பேச்சு அதுதான். பணத்தில் பாதி என் சம்பளத்தில் சேர்த்தது. பாதி அவள் சந்தையில் லாமா இறைச்சி விற்றுச் சேர்த்தது.

"இன்னிக்கு என்ன விலை?" என்று கேட்டேன்.

"அதே விலைதான். நாப்பத்தஞ்சாயிரம் டாலர்."

"பொலிவியானோவுல?"

இலாரியோன் போனை எடுத்துப் பார்த்தார். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எங்களைக் காக்கவைப்பதற்காகப் பார்த்தார். "தெருவுல டாலர் இன்னிக்கு என்ன போகுதோ அந்தக் கணக்கு. பேங்க் ரேட்டுல வேணும்னா பேங்க்ல போய் வண்டி வாங்கிக்க."

பேங்கில் டாலரே இல்லை. வாசலில் நிற்கும் காவலாளிகூட அதைச் சொல்லிச் சிரிக்கிறான். எங்கள் கையில் இருந்தது எங்கள் நாட்டுப் பணம், பொலிவியானோ. போன வாரக் கணக்குக்கு அது சரியாக இருந்தது. இந்த வாரத்து டாலருக்குப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். "சந்தோசமா?"

"மாசக் கடைசில இறங்கி வருவாருன்னு நெனச்சேன். கடன்ல வாங்கி நிறுத்தின வண்டி. தவணை கட்டணும்ல அவரு."

"தவணை எல்லாம் கட்டியாச்சுப்பா," என்றார் இலாரியோன். "உன் கணக்குல என்னையும் சேத்துட்டியா? படிச்ச புள்ள."

"படிக்கலண்ணே," என்றாள் அக்கா. "மூணு வருசம் என் காசுல ஒரூரோவுல சாப்டான்."

வேறு வழிகளை நான் யோசிக்காமல் இல்லை. லா பாஸ் ஷோரூமில் இதே வண்டி மலிவு. முன்பணம் கட்டினால் பத்து மாதம் கழித்து வரும், வந்தால். சிலி எல்லையைத் தாண்டி வரும் பேப்பர் இல்லாத வண்டி பாதி விலை. இன்றைக்குச் சொன்னால் நாளைக் காலையில் வாசலில் நிற்கும். ஆனால் அதைச் சங்கம் ஏற்காது. வழியில் ராணுவத்தான் பிடித்தால் வண்டியும் போகும், பணமும் போகும். மலிவானது கிடைக்காது, கிடைப்பது உதவாது, உதவுவதை வாங்க முடியாது. இதை எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் யார்டில் நிற்கும் அந்த வெள்ளை வண்டியில்தான் வந்து முடிந்தது.

"நாலு டயரும் கம்பெனி டயர்," என்றேன். "உப்புல ஒரு சீசன் தாங்காது. அடிப்பக்கம் எண்ணெய்ப் பூச்சும் இல்ல. எல்லாம் நாங்கதான் செய்யணும். அதுக்காவது கொறைங்க."

"செய்ங்க. யாரு வேணாங்கறா?"

அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு சத்துர்னினோ வந்தான். சாயம் போன கோட்டு, கையில் தோள்பை. பையை அவன் பிடித்திருந்த விதத்திலேயே உள்ளே இருப்பது பணம் என்று தெரிந்தது. இலாரியோன் எழுந்தார். எங்களுக்கு எழாத முழங்கால் அவனுக்கு எழுந்தது.

"வா தம்பி, வா. உக்காரு."

சத்துர்னினோ உட்காரவில்லை. எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "கர்த்தர் ஆசீர்வதிப்பாராக, அக்கா."

"அவரு உன்ன ஆசீர்வதிச்சது போதும்டா," என்றாள் அக்கா. "எங்க அப்பா லைனைத் திங்க வந்துட்ட."

"நான் கேட்டு வாங்கல. வரிசைல நாலு வருசமா நிக்கறேன். உங்களால வண்டி நிறுத்த முடியல. அதுக்கு நான் என்ன செய்ய?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. "குடிச்சுட்டு ரோட்டுல கெடந்தப்ப அப்பாதான் உன்னத் தூக்கிட்டு வந்தாரு, மச்சான்."

"இப்ப நான் குடிக்கறதில்ல. சபைக்குப் போறேன். உங்க அப்பாவுக்காகவும் ஜெபம் பண்றேன்." பிறகு இலாரியோனிடம் திரும்பினான். "நாப்பத்தஞ்சுதானே? இன்னிக்கு ரேட்டுல கொண்டாந்திருக்கேன். பேரம் இல்ல."

என்னைத் திட்டுவாள் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. கேட் ஆடிக்கொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். எங்கள் கையில் இருப்பதற்கு மேல் மிச்சத்தை மாதாமாதம் தருகிறேன் என்று இலாரியோனிடம் சொன்னேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சத்துர்னினோவின் பையைத்தான் பார்த்தார்.

அவர் சாவியை எடுக்க உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் கேட்டில் பட்டாசு வெடித்தது.

அக்கா வந்தாள். ஒரு கையில் இரண்டு பீர் பாட்டில், இன்னொரு கையில் பூவிதழ்ப் பை, கழுத்தில் காகிதத் தோரணம். யாரும் வாயைத் திறப்பதற்குள் முதல் பாட்டிலைக் குலுக்கிப் பானெட்டில் பீய்ச்சினாள். நுரை வழிந்து பம்பரில் சொட்டியது. நான்கு சக்கரத்துக்கும் ஊற்றினாள். இதழ்களை வாரி இறைத்தாள். தோரணத்தைக் கண்ணாடியில் கட்டினாள்.

"பூமித்தாயே, இது கோல்கே வீட்டு வண்டி. லூக்காஸ் கோல்கே புள்ளைங்க பிரிமித்திவா, டெல்ஃபின். வேற யாரு ஓட்டினாலும் நீ பாத்துக்க."

சத்தமாக, தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். தெருவும் கேட்டது. எதிரே பஞ்சர் ஒட்டுகிறவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து கேட்டில் நின்றான். புது வண்டிக்குப் பூமித்தாய் பேரில் பீர் வார்ப்பது எங்கள் வழக்கம். ஒருவர் பேர் சொல்லி வார்த்த வண்டியை இன்னொருவர் ஓட்டிப்போவது இங்கே நடக்காது. ஓட்டினால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கிச் சொல்வதும் இல்லை.

இலாரியோன் சாவியோடு வாசலில் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "அடிப் பாவி. காசு குடுக்காத வண்டிக்கு வார்ப்பியாடி?"

"வார்த்தாச்சு."

எனக்கு அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. என் பணமும் அதில் இருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதோடு அவள் ஒன்றை மறந்துவிட்டாள். சத்துர்னினோ சிரித்தான்.

"அக்கா, நான் அல்லேலூயாக்காரன். பீர் எனக்கு அழுக்கு, அவ்ளோதான். தண்ணி ஊத்தினா போயிரும்." இலாரியோனிடம் சொன்னான், "அண்ணே, ஒரு வாளி தண்ணி குடுங்க."

"கொழா அங்க இருக்கு," என்றார் இலாரியோன். "நான் தொட மாட்டேன்."

சத்துர்னினோ கோட்டைக் கழற்றினான். வாளியைத் தானே நிரப்பித் தானே கழுவினான். தோரணத்தைப் பிய்த்துச் சுருட்டி எறிந்தான். இதழ்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை, நகத்தால் சுரண்டினான். அக்காவின் முகம் வாடிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். லைன் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. அட்டை ஒட்டிய ஜன்னல்தான் கண்முன் வந்தது.

"முடிஞ்சுது," என்றான் சத்துர்னினோ. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். அந்தக் குளிரிலும் அவனுக்கு வியர்த்திருந்தது.

இலாரியோன் யார்டில் கைமாறும் எந்த வண்டிக்கும் ஒரு கிளாஸ் உண்டு. குடிக்காதவனுக்கு ஆரஞ்சு சோடா. ஒரு கிளாஸில் ஊற்றிச் சத்துர்னினோவிடம் நீட்டினார். அவன் வாங்கினான். வாயருகே கொண்டுபோகும் முன்னால், கண் வண்டி மேல் இருக்க, மணிக்கட்டை லேசாகச் சாய்த்தான். சோடா இரண்டு சொட்டு மண்ணில் விழுந்தது.

பிறந்ததிலிருந்து எல்லோரும் செய்வது. குடிக்கும் முன் முதல் சொட்டு பூமித்தாய்க்கு. கை தானாகச் செய்துவிட்டது.

மண்ணில் அந்த இரண்டு புள்ளியும் கறுப்பாகத் தெரிந்தன.

"யாருக்குடா அது?" என்றாள் அக்கா.

"சிந்திருச்சு."

"சிந்தல. ஊத்தின. யாருக்கு ஊத்தின? கர்த்தரு கீழயா இருக்காரு?"

பஞ்சர்க்காரன் வாய்விட்டுச் சிரித்தான். சத்துர்னினோ கிளாஸைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான். பிறகு வண்டியைப் பார்த்தான். விளக்குக்குக் கீழே ஒரு சிவப்பு இதழ் இன்னும் ஒட்டியிருந்தது. அவன் அதைச் சுரண்டக் குனியவில்லை. கிளாஸைக் குடிக்காமல் நாற்காலியில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினான், பையைத் தோளில் போட்டான்.

"தம்பி, எங்க போற?" என்றார் இலாரியோன். "தம்பி!"

கேட்டில் நின்று என்னிடம் சொன்னான். "இதுவும் ஒரு மழைல பொளக்கும், டெல்ஃபின். அன்னிக்கும் நான்தான் வரிசைல மொத ஆளு."

"வந்து நில்லு," என்றேன்.

அவன் போனதும் நான் இலாரியோனிடம் திரும்பினேன். இப்போது என் கை ஓங்கியிருந்தது. "அண்ணே, இனி இந்த ஊர்ல இத யாரும் வாங்க மாட்டாங்க. போன வாரத்துப் பணத்த வாங்கிக்கிட்டுச் சாவியக் குடுங்க."

அவர் நாற்காலியில் இருந்த கிளாஸை எடுத்து, சோடா முழுவதையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"சரிதான். எனக்கு இனி நீ ஒருத்தன்தான். உனக்கு யாரு இருக்கா? நாளைக்குக் கூட்டம். எனக்கு நாளைக்கு ஒண்ணும் இல்ல. இத பொத்தோசிக்கு ஓட்டிட்டுப் போய், இந்தம்மா கத்தினது காதுல விழாத எவன்கிட்டயாவது அடுத்த மாசம் விப்பேன்."

நான் பேசிப் பார்த்தேன். மத்தியானம் வரை பேசினேன். கடைசியில் அவர் தந்தது இரண்டு ஸ்டெப்னி டயர். விலை அதே விலை, அன்றைய ரேட்.

குறைந்த பணத்தை அடுத்த தெருக் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டோம். அங்கே இருந்த பெண் அக்காவின் சந்தைக் கடையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் சம்பளச் சீட்டைக் கேட்டாள். இரண்டு வருடத் தவணை, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

"வேலைய விட்டா?" என்று கேட்டேன்.

"விட்டா மொத்தத்தையும் அன்னிக்கே கட்டணும்," என்றாள். "விடப் போறீங்களா?"

அக்கா எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "இல்ல."

வெளியே வந்ததும் கத்தினேன். லைன் ஓட்டுவது நான் என்றுதானே பேச்சு என்றேன்.

"போன வாரம் வாங்கியிருந்தா நீதான் ஓட்டியிருப்ப," என்றாள். "அப்பா வண்டிய உனக்கு முன்னாடி ஓட்டினவ நான். ரெண்டு வருசம் கழிச்சுப் பேசலாம்."

சாயங்காலம் பணத்தை எண்ணி இலாரியோனிடம் கொடுத்தோம். சாவியை அவர் அவளிடம் நீட்டினார். அவள் பல அடுக்குப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். நான் பக்கத்துச் சீட்டில் ஏறினேன். உள்ளே புது பிளாஸ்டிக் வாசனையும் பீர் நாற்றமும் கலந்து அடித்தன. அவள் கியர் மாற்றியது சுத்தமாக இருந்தது. அதுவும் எனக்கு எரிந்தது.

சங்கத்து ஆபீசுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ரயிலடிக்குப் பக்கத்தில், சுரங்கத்து பஸ் நிற்கும் இடத்தில் பிரேக் போட்டாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஷிப்ட் ஆட்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

"இறங்கு," என்றாள். "பஸ் வந்துருச்சு."

"நான் தூங்கவே இல்ல."

"சம்பளச் சீட்டு தூங்கக் கூடாது."

இறங்கினேன். கதவைப் பலமாக அறைந்து சாத்தினேன். புதுக் கதவு, சத்தம்கூட வரவில்லை.